அதிபரின் தலைவலி நமக்கு எதற்கு?

உலகத்தில் எங்கே போர் மூண்டாலும் மூன்றாம் நாள் அந்தக் கார்ட்டூன் வந்துவிடும். நாற்சந்தியில் ஓர் அதிபர் நிற்பார். ஒரு கைகாட்டிப் பலகையில் ‘போர்’, இன்னொன்றில் ‘சமாதானம்’. இல்லையென்றால் புலிமேல் உட்கார்ந்துகொண்டு இறங்க வழி தெரியாமல் விழிப்பார். அதுவும் இல்லையென்றால் கம்பி மேல் நடப்பார், கீழே முதலைகள் வாய் பிளந்திருக்கும். நெற்றியில் வியர்வைத் துளி கட்டாயம். நாடு மாறும், மூக்கு மாறும், வியர்வைத் துளி மட்டும் மாறவே மாறாது.

இந்தப் படத்துக்கு நம்மிடையே கிடைக்கும் மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. கார்ட்டூன் ரசிகர்களும் இதழாசிரியர்களும் திரும்பத் திரும்பச் சொல்வது இது: தலைவரைத் திட்டுவது யாருக்கும் சுலபம், எந்தப் பக்கம் போனாலும் அடி விழும் என்ற நிலையில் அவர் தவிப்பதைக் காட்டுவதுதான் முதிர்ச்சி. அதில் கேலி உண்டு, கருணை உண்டு, நடுநிலை உண்டு. எனவே போர்க்காலக் கார்ட்டூனின் உச்சம் அதுவே.

காதுக்கு இதமான பேச்சு. ஆனால் உண்மை நேர் எதிர். போர்க்கால ஆட்சியாளருக்கு ஒரு கார்ட்டூனிஸ்ட் செய்யக்கூடிய மிகப்பெரிய உதவி அவரை இக்கட்டில் மாட்டிக்கொண்டவராக வரைவதுதான். அந்த ஒரு படத்தில், போர் என்பது அவருடைய மனக்கஷ்டமாகச் சுருங்கிவிடுகிறது. குண்டு யார் தலையில் விழுந்ததோ அவர்கள் படச்சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறார்கள்.

நான் இதை எழுதுவது பீன்யாவில் உட்கார்ந்து. பெங்களூரின் வடமேற்கே, தும்கூர் சாலையை ஒட்டி, எழுபதுகளில் எழுந்த தொழிற்பேட்டை. லேத், மில்லிங், கிரைண்டிங், பிளேட்டிங், ஹீட் ட்ரீட்மென்ட் என்று ஆயிரக்கணக்கான சின்னப் பட்டறைகள். எச்.ஏ.எல்.லுக்கு விமானப் பாகம் கடைந்து கொடுப்பவர் ஒரு ஷெட்டில் இருப்பார். நாலு தெரு தள்ளி ஏற்றுமதிக்குச் சட்டை தைப்பார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே வேரூன்றிய தமிழர்கள் ஏராளம். போர்க் கார்ட்டூனைப் பற்றிப் பேச பீன்யாவா இடம் என்று கேட்கலாம். இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உக்ரைனுக்குள் புகுந்தது. மார்ச் 8 அன்று லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் விலை டன்னுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டிப் போய், வியாபாரத்தையே நிறுத்தி வைத்தார்கள். ரஷ்யச் சரக்கு வராதோ என்ற பயமும் சூதாட்டமும் சேர்ந்து செய்த வேலை. நிக்கல் இல்லாமல் நாம் பாத்திரக்கடையில் பார்க்கும் நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிடையாது. ஜனவரியில் கொட்டேஷன் கொடுத்துவிட்டு மார்ச்சில் ராடு வாங்கப் போன பட்டறைக்காரரின் கதி என்ன? பீன்யா இரண்டாவது ஸ்டேஜில் பட்டறை வைத்திருக்கும் தருமபுரிக்காரர் ஒருவர் அப்போது சொன்னார்: “பார்ட்டிகிட்ட ரேட்டை ஏத்திக் கேட்டா ஆர்டர் போயிடும். கேக்கலைன்னா பட்டறையே போயிடும்.” அவரிடம் ஒரு கார்ட்டூனைக் காட்டினேன், வழக்கமான நாற்சந்தி, வழக்கமான வியர்வை. செல்போனைக் கையில் வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். “இவருக்கு என்னங்க கஷ்டம்? தப்பா முடிவெடுத்தா இவர் வீட்டுல சம்பளம் நின்னுடுமா?” என்றார். கலை விமர்சனம் படித்தவரல்ல. ஆனால் நான் படித்த எந்த விமர்சகரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்குகள் பலவற்றுக்கு அமெரிக்காவில் ஐம்பது சதவீத வரி விழுந்தது. அதில் பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டனை என்று சொல்லியே போட்டார்கள். உக்ரைன் போரை நிறுத்தப் புதினை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்பது டிரம்பின் இக்கட்டாம். அவர் இக்கட்டுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த வழி அமெரிக்காவுக்குச் சட்டை தைப்பவளின் ஓவர்டைம் வரை வந்து நின்றது. அவளை எந்தக் கார்ட்டூனிஸ்ட் வரைந்தார்?

சரி, பெரியவர்களைப் பார்ப்போம். ஆர்.கே. லக்ஷ்மணைத் தொட்டால் கர்நாடகத்தில் சண்டைக்கு வருவார்கள். நானும் அவர் ரசிகன்தான். மைசூரில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, ‘கொரவஞ்சி’ என்ற கன்னட நகைச்சுவை இதழில் வரைந்து வளர்ந்தவர். 1962 சீனப் போருக்குப் பிறகு நேருவை வைத்து அவர் போட்ட ஒரு கார்ட்டூனுக்காக நேருவே தொலைபேசியில் அழைத்தாராம். கோபத்தில் அல்ல. ரசித்துச் சிரித்து, அதைப் பெரிதாக்கிக் கையெழுத்திட்டுத் தர முடியுமா என்று கேட்டாராம். லக்ஷ்மணே சொன்ன சம்பவம் இது. அதற்கு முன்னால் 1948-இல் ‘சங்கர்ஸ் வீக்லி’யைத் தொடங்கி வைத்தபோது, என்னையும் விட்டு வைக்காதீர்கள் என்று அதை நடத்திய கார்ட்டூனிஸ்ட் சங்கரிடம் நேரு சொன்னதும் எல்லோரும் அறிந்தது. இந்த இரண்டையும் நாம் ஜனநாயகத்தின் பெருமையாகச் சொல்லி வருகிறோம். நேருவின் பெருமைதான், சந்தேகமில்லை. அவருக்குப் பின்வந்தவர்களைப் பார்த்தால் அந்தப் பெருந்தன்மை இன்னும் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் கார்ட்டூனுக்கு அது பெருமையா? ஒரு தோல்வியின் பொறுப்பாளி தன்னைப் பற்றிய படத்தைக் கையெழுத்தோடு கேட்டு வாங்கினால், அந்தப் படம் அவரைக் குத்தவில்லை என்றுதான் அர்த்தம்.

1962 போரில் அரசுக் கணக்குப்படி இந்தியச் சிப்பாய்கள் 1,383 பேர் இறந்தார்கள். இமயமலைக் குளிருக்கு ஏற்ற உடுப்பும் காலணியும் இல்லாமல் அனுப்பப்பட்டவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். அதே சமயத்தில் சீன வம்சாவளி இந்தியர்கள் ஏறத்தாழ மூவாயிரம் பேரை, குழந்தைகளோடு, ராஜஸ்தானில் தேவ்லி முகாமுக்கு ரயிலேற்றினார்கள். போர் ஒரு மாதத்தில் முடிந்தது. அதற்காகக் கொண்டுவந்த நெருக்கடி நிலை 1968 ஜனவரி வரை நீடித்தது. 1962 கார்ட்டூன் என்றதும் இன்று நம் நினைவில் எழுவது என்ன? நேருவின் சோர்ந்த முகம். தேவ்லி வருகிறதா? கான்வாஸ் ஷூ வருகிறதா? ஒரு யுத்தத்தின் நினைவை ஒரு மனிதரின் சோகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம்.

லக்ஷ்மணிடமே இதற்கு மருந்து இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1951 முதல் அவர் வரைந்த ‘சாமானியன்’, கட்டம் போட்ட கோட்டோடு, வாயே திறக்காமல், படத்தின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஓரம் போதாது என்பதே என் வழக்கு.

லிங்கனுக்கு வருவோம், எதிர்த்தரப்பு கட்டாயம் அவரைச் சாட்சிக்கு அழைக்கும். போர்க்கால அதிபரின் இக்கட்டு என்றால் அமெரிக்க உள்நாட்டுப் போரில் அவர் இருந்த நிலைக்கு மேல் ஓர் உதாரணம் கிடையாது. லண்டன் ‘பஞ்ச்’ இதழில் ஜான் டென்னியல் (ஆலிஸ் கதைக்குப் படம் போட்ட அதே டென்னியல்) லிங்கனை விதவிதமாக மாட்டி வைத்தார். 1862 ஜனவரியில் வந்த படத்தில் லிங்கன் மரத்தில் ஏறி மாட்டிக்கொண்ட ரக்கூன். கீழே துப்பாக்கியோடு பிரிட்டன். பிரமாதமான கோடுகள். ஆனால் 1865-இல் லிங்கன் கொல்லப்பட்டதும் அதே ‘பஞ்ச்’ கண்ணீர்ப் படம் போட்டு, மன்னிப்புக் கேட்கும் கவிதையும் வெளியிட்டது. கவிதையை எழுதிய டாம் டெய்லர்தான், லிங்கன் சுடப்பட்டபோது பார்த்துக்கொண்டிருந்த நாடகத்தையும் எழுதியவர். கதையில் எழுதினால் நம்பமாட்டோம். மூன்று ஆண்டுக் கேலியை ஒரே வாரத்தில் வாபஸ் வாங்க முடிந்தது எப்படி? அந்தக் கேலி முழுக்க ஒரு மனிதரின் திண்டாட்டத்தைப் பற்றியது. மனிதர் போனதும் கேலி செய்ய ஒன்றும் மிச்சமில்லை.

இப்போது அதே போரிலிருந்து இன்னொரு படம். 1864 ஆகஸ்ட். போரைத் தொடர்ந்தால் நவம்பர் தேர்தலில் லிங்கன் தோற்பார்; தெற்கோடு ராசியாகப் போனால் அடிமைமுறை பிழைத்துக்கொள்ளும். தோல்வி நிச்சயம் என்று நம்பி, ஆகஸ்ட் 23 அன்று ஒரு குறிப்பு எழுதி, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாமலே அமைச்சர்களிடம் கையெழுத்து வாங்கினார். அசல் இக்கட்டு, மறுக்கவில்லை. அந்த நேரத்தில் தாமஸ் நாஸ்ட் ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’யில், செப்டம்பர் 3 தேதியிட்ட இதழில், ஒரு படம் போட்டார். தெற்கத்திக்காரன் மிடுக்காக நின்று கை குலுக்குகிறான். அவன் பூட்ஸ் கால் ஒரு கல்லறைமேல் இருக்கிறது. கை கொடுக்கும் வடக்கத்திச் சிப்பாய்க்கு ஒரு கால் இல்லை; கவட்டுக்கட்டை ஊன்றித் தலை கவிழ்ந்து நிற்கிறான். கல்லறையில், வீணான போரில் மாண்டவர்கள் என்ற பொருளில் எழுத்து. பக்கத்தில் மண்டியிட்டு முகம் புதைத்து அழுகிறாள் ‘கொலம்பியா’ என்ற தேசத்தாய். பின்னால், மறுபடியும் விலங்கு மாட்டப்பட்ட கறுப்பினக் குடும்பம்.

லிங்கன் படத்தில் எங்குமே இல்லை. அந்தத் தேர்தலில் அவருடைய கட்சி இதைச் சுவரொட்டியாக அடித்துப் பரப்பியது. இக்கட்டின் இரண்டு பக்கமும் இதில் இருக்கின்றன. ராசிக்குப் போனால் என்ன நடக்கும், அதற்கு யார் யார் விலை கொடுப்பார்கள், எல்லாம் இருக்கின்றன. இல்லாதது ஒன்றே ஒன்று: அதிபரின் நெற்றி வியர்வை. இங்கே ஒரு சங்கடத்தையும் மறைக்கக் கூடாது. நாஸ்ட் சமாதானத்துக்காக இதை வரையவில்லை, போரைத் தொடரச் சொல்லித்தான் வரைந்தார். கால் இழந்தவனை வரைந்தாலே போர் எதிர்ப்பு என்று ஆகிவிடாது. நான் கேட்பது அதுவும் அல்ல. எந்தப் பக்கம் வாதாடினாலும் விலை கொடுப்பவனை முன்னால் நிறுத்தி வாதாடு என்பதே.

அதிகாரம் எந்தப் படத்துக்குப் பயப்படுகிறது என்று பார்த்தாலும் இதே விடை. 1942 மார்ச் 6, லண்டன் ‘டெய்லி மிரர்’. பிலிப் ஸெக் வரைந்த படத்தில், கப்பல் தகர்ந்து, நடுக்கடலில் ஒரு பலகைத் துண்டைப் பிடித்துக் கிடக்கிறான் ஒரு மாலுமி. கீழே, பெட்ரோல் விலை ஒரு பென்னி உயர்ந்துவிட்டது என்ற அரசு அறிவிப்பு. அவ்வளவுதான். பெட்ரோலை வீணாக்குகிறவர்களுக்கு உறைக்க வேண்டும் என்றுதான் ஸெக் போட்டார். எண்ணெய்க் கம்பெனிகளின் லாபத்துக்காக மாலுமி சாகிறான் என்று அரசு படித்தது. சர்ச்சில் கொதித்தார், உள்துறை அமைச்சர் மாரிசன் பத்திரிகைப் பொறுப்பாளர்களைக் கூப்பிட்டு, மூடிவிடுவோம் என்று மிரட்டினார், நாடாளுமன்றத்தில் விவாதமே நடந்தது. சர்ச்சிலை நாயாக வரைந்தவர்கள் எத்தனையோ பேர். அதற்கெல்லாம் சுருட்டைப் புகைத்துக்கொண்டு போனவர் அவர். சர்ச்சிலே இல்லாத ஒரு சர்ச்சில் கார்ட்டூன் அவரைத் தூங்க விடவில்லை.

எதிர்த்தரப்பின் கடைசித் துருப்புச் சீட்டு அமெரிக்கக் கார்ட்டூனிஸ்ட் டேவிட் லெவின். 1965 அக்டோபரில் அதிபர் ஜான்சனுக்குப் பித்தப்பை அறுவை. சில நாள் கழித்து நிருபர்கள் முன்னால் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். அடுத்த ஆண்டு லெவின் அதை வரைந்தார், தழும்பை வியட்நாம் வரைபடமாக மாற்றி. இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த கார்ட்டூன்களில் ஒன்று என்பார்கள். நானும் பல வருஷம் அப்படியே சொல்லிக்கொண்டு திரிந்தேன். இன்றும், நாற்சந்திப் படங்களோடு அதைச் சேர்க்க மனம் வராது. ஜான்சன் தானாகவே சட்டையைத் தூக்குகிறார், அந்தத் திமிர் படத்தில் இருக்கிறது. ஆனாலும் ஹனோயிலிருந்து பார்த்தால் அந்தப் படம் எப்படித் தெரியும்? ஒரு நாடு முழுசாக ஓர் அமெரிக்கரின் வயிற்றில் தழும்பாகிக் கிடக்கிறது. வலி யாருக்கு? ஜான்சனுக்கு.

ஹனோய் தூரமென்றால் யாழ்ப்பாணம் இருக்கிறது. சமாதானம் கொண்டுவருவேன் என்று சொல்லி 1994-இல் அதிபரானவர் சந்திரிகா குமாரதுங்க. 1995 ஏப்ரலில் புலிகள் போர்நிறுத்தத்தை முறித்தார்கள். மனமில்லாமல் போருக்குத் தள்ளப்பட்ட சமாதான அதிபர் என்ற பேச்சு அப்போது கொழும்பிலும் வெளிநாட்டுத் தலையங்கங்களிலும் நன்றாக விலைபோனது. ‘சமாதானத்துக்கான போர்’ என்று அரசே அதற்குப் பெயரும் வைத்தது. அந்த ஆண்டு ஜூலை 9 அன்று நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் விமானப்படை குண்டு போட்டதில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அக்டோபர் 30 அன்று, வெளியேறச் சொன்ன புலிகளின் உத்தரவு ஒரு பக்கம், நெருங்கி வரும் ராணுவம் இன்னொரு பக்கம் என்று லட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் யாழ்ப்பாணத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தது. இருதலைக்கொள்ளி எறும்பு என்றால் அவர்கள்தான். அதிபர் கொள்ளியின் ஒரு முனையைக் கையில் பிடித்திருந்தவர். எறும்பின் படத்தைக் கொள்ளி பிடித்தவருக்கு வரைந்து கொடுப்பது எந்த ஊர் நடுநிலை?

அந்த நடுநிலையை ஏற்காதவருக்கு நேர்ந்ததையும் பார்க்க வேண்டும். அதே நாட்டில், போர் முடிந்த மறு ஆண்டு, 2010 ஜனவரி 24 அன்று, அதிபர் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால், அரசை விமர்சித்து எழுதியும் வரைந்தும் வந்த பிரகீத் எக்னெலிகொட காணாமல் போனார். அவர் மனைவி சந்தியா அன்றிலிருந்து நீதிமன்றப் படியேறிக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால் ஆட்சியாளர் முகத்தையே வரையக் கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக வரையலாம். அவர் குறியாக இருக்கட்டும், கதாநாயகனாக வேண்டாம். வித்தியாசத்துக்குக் கார்ட்டூனிஸ்ட் அபு ஆபிரகாமைப் பாருங்கள். 1975 ஜூன் 25 இரவு, அமைச்சரவை கூடுவதற்கு முன்பே, நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் ஜனாதிபதி ஃபக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டார். 1971 போருக்காகப் போட்ட நெருக்கடி நிலை அப்போது இன்னும் ரத்தாகாமல் இருந்தது. அதன் மேல் இன்னொன்று. டிசம்பர் 10 அன்று ‘இந்தியன் எக்ஸ்பிரஸி’ல் அபு வரைந்தார்: குளியல் தொட்டியில் படுத்தபடி ஜனாதிபதி ஓர் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டு வெளியே நீட்டுகிறார், இன்னும் இருந்தால் கொஞ்சம் காத்திருக்கச் சொல் என்கிறார். மனப் போராட்டம் இல்லை, தூக்கமில்லா இரவு இல்லை, வியர்வை இல்லை, சோப்பு நுரைதான். இக்கட்டு என்று ஒன்று இருந்திருக்க வேண்டிய இடத்தில் அது இல்லவே இல்லை என்று காட்டியதுதான் அந்தப் படத்தின் விஷம்.

நம் வீட்டு உதாரணமும் ஒன்று உண்டு. 2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க ராணுவ விமானம் நூற்று நான்கு இந்தியர்களைக் கைகால் விலங்கோடு கொண்டுவந்து அமிர்தசரஸில் இறக்கியது. சில நாளில் விகடனின் இணைய இதழ் ஒரு கார்ட்டூன் போட்டது: டிரம்ப் பக்கத்தில் மோடி, விலங்கோடு. பிப்ரவரி 15 அன்று விகடன் தளமே முடங்கியது. மார்ச் 6 அன்று, அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுத்தால் தடையை நீக்கலாம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். பிரதமர் அமெரிக்காவோடு எப்படிச் சமாளிக்கிறார் என்று கம்பி மேல் நடக்கவிட்டு வரைந்திருந்தால் ஒருவரும் சீண்டியிருக்க மாட்டார்கள், பாராட்டுக்கூட வந்திருக்கலாம். இந்தப் படம் செய்தது வேறு. கூலி வேலைக்குப் போய்ப் பிடிபட்டவர்களின் விலங்கை எடுத்துப் பதவியில் இருப்பவர் கையில் மாட்டியது. யாருடைய விலங்கு என்பது பார்த்தவுடன் எல்லோருக்கும் தெரிந்தது. ஆத்திரம் அதனால்தான். பாதிக்கப்பட்டவர்களை வரைந்தால் அழுமூஞ்சிப் படமாகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இன்னொரு வாதம் பாக்கி இருக்கிறது: தலைவரும் மனிதர்தானே, அவர் தயங்குவதைக் காட்டினால் வாசகனுக்கும் போர்வெறி அடங்குமே என்பது. தயங்கிய தலைவர்கள் உண்டு. அவர்களுக்கு நினைவுக் குறிப்பு எழுதப் பதிப்பாளர் உண்டு, வரலாறு எழுதப் பேராசிரியர் உண்டு, பெயர் வைக்க விமான நிலையம் உண்டு. நாளிதழின் அந்த நாலு அங்குல இடத்தையாவது மற்றவர்களுக்கு விடலாமே. தமிழில் அந்த இடத்தை உண்டாக்கியவர்களில் பாரதி முக்கியமானவர்; 1906-இல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் கார்ட்டூனுக்குப் பெரிய இடம் ஒதுக்கினார். தலைவர்களின் சங்கடத்தைப் புரிந்துகொள்ளச் சொல்லி அவர் அதைச் செய்யவில்லை.

ஆகவே இதழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த போரின் மூன்றாம் நாள் உங்கள் மேஜைக்கு அந்த நாற்சந்திப் படம் வந்தே தீரும். திருப்பி அனுப்புங்கள். வரைந்தவரிடம், நிக்கல் விலையைப் பார்த்துவிட்டு ஒரு பட்டறைக்காரரோடும், எல்லை ஊரில் வீடு இழந்த ஒருத்தியோடும் பேசிவிட்டு வரச் சொல்லுங்கள். வாசகர்களே, அந்தப் படம் உங்கள் வாட்ஸாப்புக்கு வந்தால், அதில் செத்தவர் யார், சம்பளம் போனவர் யார் என்று தேடிப் பாருங்கள். ஒருவரும் தென்படாவிட்டால் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.